அத்தை பேசிய ஒரு வரி

அத்தை பொய் சொல்கிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. டெல்லியிலேயே பிறந்தவள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தாள். ஆபீசில் இந்திக்காரர்கள் எழுதும் கடிதங்களையே திருத்துவாள். போனில் அவள் குரலை மட்டும் கேட்டவர்கள், "நீங்கள் லக்னோவா?" என்று கேட்பார்கள். அந்தப் பெருமையிலேயே அவளுக்கு அரை நாள் ஓடிவிடும்.

ஒரு குளிர்காலத்தில் சினிமாவுக்கு ஆள் பிடிக்க ஒருவன் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கும் காதல் காமெடி. ராணுவக் கேப்டனும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண்ணும் காதலிப்பார்கள். அவளுக்குத் தோழிகளாக ஒரு பஞ்சாபி, ஒரு வங்காளி, ஒரு மதராஸி. "படத்தில் முழு இந்தியாவும் இருக்க வேண்டும்" என்றான். எனக்கு அவன்மேல் துளி சந்தேகம் வரவில்லை.

மதராஸித் தோழியாக அத்தைக்கு ஒரே வரி. கேப்டன் ஓயாமல் போன் போடும்போது சொல்ல வேண்டும்: "ஜங் கதம் ஹோ ஜாயேகி சாஹப், ஆப்கி பாத் நஹீன்." போர் முடிந்துவிடும், உங்கள் பேச்சு முடியாது.

ஏற்கெனவே கறுப்பான அவளுக்கு மேலும் கறுப்பு பூசினார்கள். தலை கொள்ளாமல் மல்லிகைப்பூ. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்து சொன்னாள்: "கோணல் இந்தியில பேசச் சொன்னான். முடியாதுன்னுட்டேன். நான் பேசுற மாதிரிதான் பேசினேன். அவனும் அச்சான்னுட்டான்."

படம் வந்ததும் குவார்ட்டர்ஸே திரண்டு போனது. திரையில் அத்தை முகம் வந்தது. "ஐயயோயோ! ஜங் கதம் ஹோதா ஜீ!" என்று கோணல் இந்தியில் மூக்கால் ஒரு குரல். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், கேவலமாக, எல்லாரையும்விடச் சத்தமாக.

வெளியே வந்ததும் அத்தை, "அது என் குரலே இல்லண்ணே. வேற யாரையோ பேச வெச்சிருக்கான்" என்றாள்.

"ஏட்டி, ஒரு வரிக்கு எவன் மெனக்கெடுவான்? பேசிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார் அப்பா.

"உங்க வாய்தானே அசைஞ்சுது?" என்றேன் நான். "அத்தை ஜூட்டி!"

ஜூட்டி என்றால் பொய்க்காரி. பள்ளிக்கூடத்தில் கற்ற இந்தி. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் வாயைப் பொத்தினாள், தன் சிரிப்பை அடக்கிக்கொண்டே.

அதன்பின் அவள் எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்று கேட்பேன். பஸ் லேட் என்றாலும் கேட்பேன், ஆபீசில் லட்டு கொடுத்தார்கள் என்றாலும் கேட்பேன். "சத்தியமாடீ" என்பாள். ஒரு தடவைகூடக் கோபித்ததில்லை.

போன வாரம் மெட்ரோவில் அந்தக் காட்சி என் மொபைலில் வந்தது. ஹெட்போன் இல்லாததால் சத்தமில்லாமல் பார்த்தேன். உதடுகள் மட்டும் தெரிந்தன. அவை "ஆப்கி பாத் நஹீன்" என்று அசைந்தன. வீட்டுக்கு வந்து சத்தத்தோடு நாலு தடவை போட்டேன்.

ஒரு வரிக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று நம்பியிருந்தோம். அந்த வரியை அவள் சரியாகச் சொன்னதால்தான் மெனக்கெட்டிருக்கிறார்கள். பத்து வயதில் எனக்குச் சந்தேகப்படத் தெரிந்திருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"ஐயயோயோ" என்று அந்தக் குரல் அலறுகிறது. அப்போது அத்தையின் வாய் மூடியிருக்கிறது.