மண் ஒட்டாத ஷூ

என் மகளின் ஷூ இரண்டு வாரம் துளி மண் இல்லாமல் வீட்டுக்கு வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். சமத்துப் பிள்ளை என்று அவளைக் கொஞ்சினேன். அந்தச் சந்தோஷத்துக்காக இன்றுவரை என் மீதே எனக்குக் கோபம் இருக்கிறது. மற்றவர்கள் மீதிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது.

ஆறிவிட்டது என்பதும் பொய்தான். பாதி ஆறியிருக்கிறது.

அப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஊரடங்கெல்லாம் முடிந்து ஓசூரில் கம்பெனிகள் முழு ஆளோடு ஓடத் தொடங்கியிருந்தன. வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். லைனில் வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்பு ட்ரேயில் தள்ள வேண்டும். மயிரிழைப் பிசிறுகூட எனக்குத் தப்பாது. சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரே பீஸை என்னிடம்தான் கொண்டுவருவார். கண்ணுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் கணவருக்கு வேறொரு கம்பெனியில் மாறி மாறி ஷிப்ட். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அங்கிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தோதில்லை. தொழிற்பேட்டைக்குப் பின் தெருவில், ஒரு பழைய வீட்டில் நடந்த டேகேர்தான் எங்களுக்குக் கதி. நடந்துபோகிற தூரத்தில் இருந்த மற்ற இரண்டும் ஊரடங்கில் பூட்டியது பூட்டியதுதான், திறக்கவே இல்லை. இங்கே இடம் போனால் என் வேலையும் போகும். இது எனக்கும் தெரியும், அதை நடத்திய மேடத்துக்கும் தெரியும்.

அந்த வீட்டைச் சுற்றிச் செம்மண் முற்றம். ஒரு புங்க மரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு. அந்த முற்றத்துக்காகவே என் மகள் காலையில் எழுந்திருப்பாள், ரெட்டைக் குடுமி போட்டு முடிக்கும்வரைகூட நிற்க மாட்டாள். கிறிஸ்துமஸ் பூசைக்கென்று வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஷூவை ஒரே வாரத்தில் செங்கல் நிறமாக்கினாள். தினமும் சாயங்காலம் அதைத் தேய்த்துத் தேய்த்து விரல் நோகும். வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

பிறகு ஒரு நாள் கேட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று தொங்கியது. அதில் முதல் விதி, வெளி விளையாட்டு நேரத்தில் எல்லாக் குழந்தைகளும் மாஸ்க் அணிந்திருக்க வேண்டும் என்பது. மாஸ்க்கை அவர்களே கொடுத்தார்கள், டேகேர் டிஷர்ட்டுக்குப் பொருத்தமாக மஞ்சள் நிறத்தில். தினமும் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் படம் பெற்றோர் குரூப்பில் தவறாமல் வந்துவிடும்.

நான் மாஸ்க்குக்கு எதிரி இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பலபேர் என்னைப் பற்றி அப்படித்தான் பேசினார்கள். சித்தப்பாவைக் கொரோனாவுக்குக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. முகம்கூடக் காட்டாமல் கட்டிக் கொண்டுபோனார்கள். லைனில் எட்டு மணி நேரம் மாஸ்க்கைக் கழற்றாமல் நின்றிருக்கிறேன். யாராவது மூக்குக்குக் கீழே இறக்கினால் நானே சத்தம் போட்டிருக்கிறேன். அதனால் அந்த அட்டையைப் படித்துவிட்டுத் தலையாட்டினேன். மூன்று வயதுப் பிள்ளை ஓடும்போது அது முகத்தில் எப்படி நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை. விதி போட்டவர்களும் யோசிக்கவில்லை.

படம் வரும் நேரம் எங்களுக்கு டீ பிரேக். லாக்கரிலிருந்து போனை எடுத்து, என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் நீட்டுவேன். பதினைந்து பதினாறு மஞ்சள் சட்டை, மஞ்சள் மாஸ்க். நெற்றியும் கண்ணும்தான் தெரியும். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ரெட்டைக் குடுமி போட்ட ஒரு பிள்ளை நிற்கும்.

"இதாங்க்கா எங்க பாப்பா. எப்புடி நிக்கிறா பாருங்க, போலீஸ்காரியாட்டம்."

"கண்ணு அப்புடியே உன்னுதுதான்," என்பார் அக்கா. எனக்குப் பெருமை தாங்காது.

ஷூ சுத்தமாக வரத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பிள்ளை வளர்கிறாள், பதவிசாக விளையாடக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். என்ன விளையாடினாய் என்று கேட்டால், "அந்தத் தம்பி ஊஞ்சல் ஆடுனான், அந்த அக்கா சறுக்குல போனா," என்பாள். நீ என்ன செய்தாய் என்றால் பிஸ்கட் கேட்பாள். நானும் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு புதன்கிழமை ஷூவை எடுத்து அடிப்பக்கம் திருப்பினேன். பழக்க தோஷம், எதையும் திருப்பிப் பார்க்காமல் என் கை கீழே வைக்காது. அடியில் வரிவரியாகப் பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் ஒரு துகள்கூட இல்லை. மழை பெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கேட்டிலிருந்து வாசல்வரை போட்டிருந்த சிமெண்ட்டை விட்டு ஓரடி இறங்கினாலே ஒட்டிக்கொள்கிற மண் அது. எவ்வளவு பதவிசாக விளையாடினாலும் மண்ணை மிதிக்காமல் அங்கே விளையாட முடியாது.

மறுநாள் தலைவலி என்று பொய் சொல்லிக் கேட் பாஸ் வாங்கினேன். அந்தப் பொய்க்காக எனக்கு வருத்தமே இல்லை. ஓட்டமும் நடையுமாகப் போய், டேகேர் காம்பவுண்டு ஓரம் நின்று எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் மஞ்சள் கூட்டம். ஊஞ்சல் பக்கத்தில் ரெட்டைக் குடுமி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பிள்ளை தும்மியது, மாஸ்க் கீழே இறங்கியது. அது என் பிள்ளை இல்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளை.

என் மகள் வீட்டுக்குள் இருந்தாள். மூடிய ஜன்னலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். கூடவே இன்னும் மூன்று பிள்ளைகள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பழகிப்போன முகத்தோடு ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா கேட்டைத் திறந்தார். தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பாப்பா ஏன் உள்ளே இருக்கிறாள் என்று கேட்டேன்.

"மாஸ்க்கப் புடுங்கிப் போட்டுருது கண்ணு. ஓடுனா ஈரமாயிடுதாம், துணி வாய்க்குள்ள வருதுங்குது. புடுங்குனா உள்ள ஒக்கார வெக்கச் சொல்லி மேடம் ஆர்டரு. நான் என்னா பண்றது? பாப, மகு," என்று கடைசியில் தன் பாஷையில் என் பிள்ளைக்காகப் பரிதாபப்பட்டார்.

"எத்தினி நாளா ஆயாம்மா?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

இரண்டு வாரமாக யாரோ ஒரு பிள்ளையைக் காட்டி என் மகள் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். நான்தான் கண்ணுக்குச் சம்பளம் வாங்குகிறவள். அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே போனேன். ஓசூர்க் குளிர் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எல்லா ஜன்னலையும் இறுக்கச் சாத்தியிருந்தார்கள். நான்கு பிள்ளைகளும் மாஸ்க் இல்லாமல் அந்த அறையில்தான். மதியம் மொத்தப் பேரும் அங்கேதான் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள், மூக்கோடு மூக்கு வைத்து, ஒருவருக்கும் மாஸ்க் கிடையாது. காற்று வீசுகிற முற்றத்தில் மாஸ்க் வேண்டும், காற்றே வராத அறையில் வேண்டாம். கொரோனா என்ன, முற்றத்தோடு திரும்பிப் போகிற விருந்தாளியா? அறையை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. உங்க பொண்ணு ஒருத்திக்காக மாத்த முடியாது," என்றார்.

"மூணு வயசு புள்ள மேடம். பாப்பாவுக்குப் பாக்கற டாக்டரே இந்த வயசுக்கு மாஸ்க் வேணாம்னுதான் சொல்றாரு."

"டாக்டரா வந்து பேரன்ட்ஸுக்கு பதில் சொல்வாரு? போட்டோல ஒரு புள்ள மாஸ்க் இல்லாம இருந்தா பத்து போன் வருது எனக்கு. கம்பெனி ஹெச்ஆர்லருந்து கேக்கறாங்க. அத்தன மாசம் மூடிக் கெடந்து இப்பத்தான் தெறந்திருக்கன். யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அது பொய்ப் பயம் இல்லை. ஆனால் ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த வீட்டில் அந்த ஆண்டி என் மகள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பயமா இருந்தா ஜன்னலத் தெறங்க மேடம். புள்ளைய ஏன் அடைக்கறீங்க?"

"புடிக்கலன்னா வேற எடம் பாத்துக்கங்க," என்றார். வேறு இடம் இல்லை என்று தெரிந்தே சொன்னார்.

வீட்டில் கணவரும் அதற்கு மேல் பேசினார். "வுடு. ஊரோட ஒத்துப்போ. மாஸ்க் போடப் பழக்கிட்டாப் போச்சு." பழக்கினால் பழகிவிடுவாள், எனக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பழகின பிள்ளை எதற்கும் பழகும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் லைனுக்கு மேலே ஒரு கயிறு ஓடுகிறது. வருகிற பீஸில் தப்பு என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்கூட. மொத்த லைனும் நின்றுவிடும். முதலில் நிறுத்து, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரும்புத் துண்டுக்காக எத்தனையோ முறை இழுத்திருக்கிறேன். என் பிள்ளைக்காக ஒரு முறை இழுத்தால் என்ன என்று தோன்றியது.

மறுநாள் லீவு போட்டேன். விளையாட்டு நேரம் பார்த்து மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆயாம்மா கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மாஸ்க் இல்லாமல் அவளை முற்றத்தில் இறக்கிவிட்டேன். மற்ற பிள்ளைகளின் மாஸ்க்கை நான் தொடவில்லை, அது அவரவர் அப்பா அம்மா பாடு. அவள் முதலில் நகரவில்லை. என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"போ தங்கம்," என்றேன்.

ஓடினாள். ஊஞ்சலுக்கு இல்லை, நேராகப் புங்க மரத்தடியில் தேங்கியிருந்த சேற்றுக்கு. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். முட்டிவரைக்கும் சேறு அடித்தது. அவளை மட்டும் ஒரு படம் எடுத்து, அங்கேயே நின்று பெற்றோர் குரூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "இது என் மகள். இரண்டு வாரமாக வந்த படங்களில் இவள் இல்லை. மாஸ்க்கைக் கழற்றினாள் என்று உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். பெற்ற எனக்கே தெரியவில்லை. உங்கள் பிள்ளை படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் ஷூவைத் திருப்பியும் பாருங்கள்."

ஐந்து நிமிடத்தில் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். மேடம் படியில் நின்றபடி, "நாளையிலருந்து வர வேணாம்," என்றார்.

"வருவன் மேடம்," என்றேன். மகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டினேன். இடமும் போச்சு, வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன். செய்தது தப்பு என்று மட்டும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை கம்பெனி யூனிபார்மில், இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாகப் போனேன். கேட்டில் கூட்டம். ஏழெட்டுப் பேர் இருக்கும். நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒருவர், நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர் போலிருந்தது, சின்ன நீல ஷூ ஒன்றை மேடத்தின் முன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதுல எங்க மேடம் மண்ணு? காட்டுங்க," என்று தெலுங்கு வாடையடித்த தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

எல்லோரும் என் பக்கம் இல்லை. ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் வந்து, "உங்களால எங்க புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்பு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "உங்க புள்ளைக்கு போட்டே அனுப்புங்க, நான் வேணாங்கல. என் புள்ளைய உள்ள அடைக்கக் கூடாது, அவ்ளோதான்," என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை.

கடைசியில் மேடம்தான் இறங்கினார். போட விரும்புகிற பிள்ளை போடட்டும், யாரையும் உள்ளே உட்கார வைப்பதில்லை, தூங்குகிற அறையில் ஜன்னல் திறந்திருக்கும் என்றார். பிறகு கை நீட்டி என் மகளை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"ஷூ அழுக்காச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார்.

அந்த அட்டையை அவர் கழற்றவில்லை. வெயிலில் எழுத்து வெளுத்துப்போகும்வரை கேட்டில் தொங்கியது. என்னைக் குரூப்பில் திரும்பச் சேர்க்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் ஷூவைத் திருப்பினால் எல்லாம் தெரிந்துவிடும்.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் என் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், அந்த மஞ்சள் கூட்டத்துப் படத்தில் வந்து நின்றாள். அதை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"இதுல நான் எங்கம்மா?"

"நீ இதுல இல்ல. அன்னிக்கு உன்ன உள்ள ஜன்னல் கிட்ட உக்கார வெச்சிருந்தாங்க."

"அப்ப நீ எங்க இருந்த?"

கம்பெனியில் இருந்தேன் என்றேன். ரெட்டைக் குடுமிப் பிள்ளையைத் தொட்டுக் காட்டி, இதைத்தான் நீ என்று நினைத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் அந்தப் பிள்ளையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். தன்னைப் போலவே இல்லை என்றாள்.

"அப்பறம் வந்தியா?"

"வந்தன். ரெண்டு வாரம் கழிச்சு வந்தன்."

அந்த இரண்டு வாரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.