எடைக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை ரோட்டை ஒட்டி ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. துருப்பிடித்த மோட்டார், சைக்கிள் ரிம், கால் ஒடிந்த கட்டில் என்று வாசல்வரை குவிந்து கிடக்கும். அன்றைக்கு அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மஞ்சள் பாரித்த பழைய காலத்துப் பெட்டிகள். கடை ஆள் ஒருவர் சுத்தியலால் ஒன்றைப் பிளந்து, உள்ளேயிருந்த பச்சைப் பலகையைப் பிடுங்கித் தனியே எறிந்துகொண்டிருந்தார். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

கூட வந்த அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "என்னட்டி, தலை சுத்துதா?"

"இல்லக்கா. அந்த மாதிரிப் பெட்டி... அதுலதான் நான் பாடம் எடுத்தேன்."

கல்யாணத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்தேன். 486 என்ற ரகம் புதிதாக வந்த காலம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் கோயிலுக்குள் போவது மாதிரி போவோம். கல்யாணமானதும் நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. மகள் படித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். பிறகு எனக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் ஊசி மருந்து.

அக்காவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில்தான் தெரியும். சுந்தரபாண்டியத்துக்காரி. கிருஷ்ணன்கோவிலில் ஏறுவாள். அவளுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே நோய். ஆபரேஷன் முடிந்து கரண்ட் என்று நாங்கள் சொல்லுகிற கதிர்வீச்சு மட்டும்தான் வைத்தார்கள், ஊசி வேண்டாம் என்றுவிட்டார்கள். முதல் நாள் என் தலைத்துணியைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நாலைந்து பயணத்தில் 'நீங்க' போய் 'ஏட்டி' வந்துவிட்டது. என் வீட்டார்கூட என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், அந்த 'ஏட்டி' கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்றைக்கு தாலுகா ஆபீஸில் அவளுக்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதற்காக இறங்கிய இடத்தில்தான் இந்தப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இத உடைக்காமக் குடுப்பியளா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இது ஓடாதும்மா. ஏதோ காலேஜ்ல ஏலத்துல வந்தது. செம்புக்காக உடைக்கோம்."

"ஓடாட்டா பரவாயில்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் அப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. "எடைக்குத்தான் போடுவேன்" என்றார். தக்காளி வாங்குவது மாதிரி அக்கா பேரம் பேசினாள். ஒரு முழுப் பெட்டி, ஒரு கீபோர்டு, இரண்டு உடைந்த பெட்டிகளிலிருந்து நான் பொறுக்கிய உதிரிகள். எல்லாம் ஒரு கோணிச்சாக்கில் அடங்கின. புதிதாக ஒன்று வாங்க எனக்கு வக்கில்லை, வைத்தியமே எல்லாவற்றையும் தின்றிருந்தது. ஆனால் புதிது கிடைத்திருந்தாலும் அன்றைக்கு நான் அதை விரும்பியிருக்க மாட்டேன்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் என் கணவர் சூப்பர்வைசர். சாயந்திரம் வந்தவர் கூடத்தில் கோணிச்சாக்கைப் பார்த்தார்.

"என்னது இது?"

"கம்ப்யூட்டர்."

"உடம்பு இருக்கிற இருப்புக்கு இது தேவையா?"

"விரலுக்கு வேலை குடுன்னு டாக்டர் சொன்னார்ல. பயறு பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போச்சு."

ஊசி மருந்தால் என் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. ஜாக்கெட் கொக்கியைக் கண்ணால் பார்த்துத்தான் மாட்டுவேன். சூடு, குளிர், சொரசொரப்பு எதுவும் தெரியாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மறுநாள் பெட்டியின் முதல் திருகைக் கழற்றினேன். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. திருகு விழும், தேடுவேன், எடுத்தது திரும்ப விழும்.

உள்ளே பலகையின் ஓரத்தில் நீல நிறத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி. தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க வைத்தது. அது ஒழுகி, சுற்றிலும் பச்சையாய்ப் பூத்து, பலகையின் செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. இந்த ரகத்தில் எல்லாவற்றுக்கும் வருகிற கேடுதான் இது, எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்காவின் மகள் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தாள். மகளைப் பார்க்க வருகிறபோதெல்லாம் அக்கா என் வீட்டுக்கும் வருவாள். ஒரு நாள் வந்தவள் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பச்சையைப் பார்த்தாள்.

"இது பரவுமா?"

"பரவும்க்கா."

"அப்பொ ஏன் விட்டு வச்சிருக்க? வெட்டி எடு."

கட்டரால் பேட்டரியை வெட்டியெடுத்தேன். வினிகர் தொட்டு, பழைய பல் பிரஷ்ஷால் அக்கா தேய்த்தாள். பச்சை கரைந்து நுரையாக வந்தது. பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மொட்டைமாடி நிழலில் காய வைத்தோம். பவர் சப்ளை கருகியிருந்தது, இன்னொரு பெட்டியில் எடுத்ததை மாட்டினேன். ஹார்டு டிஸ்க் ஓடவில்லை. அதற்குப் பதிலாக மெமரி கார்டு செருகுகிற சின்னக் கருவி ஒன்றை பெங்களூரிலிருந்து என் மகள் தபாலில் அனுப்பினாள். மானிட்டர் இல்லாமல் தவித்தபோது, ஒரு நாள் என் கணவர் பைக்கின் பின்னால் கட்டி ஒரு பழைய மானிட்டரைக் கொண்டுவந்தார். கம்பெனிப் பரணில் கிடந்ததாம். "சும்மாதான் கிடந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சுவிட்சைப் போட்ட அன்று அக்கா இருந்தாள். விசிறி சுற்றியது. ஒரு 'பீப்'. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. கடைசியில் ஒரு வரி வந்து நின்றது. அக்கா அதைப் படித்துச் சொல்லச் சொன்னாள்.

"கீபோர்டு இல்லையாம். தொடர்ந்து போக கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கணுமாம்."

"இல்லங்குது. பொறவு எதப் போயி அமுக்க?"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பச்சை தின்ற இடம் கீபோர்டு செருகும் துளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. லென்ஸ் வைத்துத் தேடினேன். ஒரு செம்புக் கோடு நடுவில் அறுந்திருந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை வைத்து இரண்டு பக்கமும் ஈயத்தால் ஒட்ட வேண்டும். மரத்த விரல்களால் அந்தக் கம்பியை எடுக்கவே முடியவில்லை. எடுத்ததாக நினைத்தால் விரலிடுக்கில் ஒன்றும் இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். திடீரென்று ஏதோ பொசுங்குகிற வாடை வந்தது. பலகைதான் தீய்கிறது என்று நினைத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி! கை! உன் கை!"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சுட்டுவிரல் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னின் மேல் இருந்திருக்கிறது. தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. வலி இல்லாததுதான் என்னை உடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் அங்கே, சமையல் மேடைக்குப் பக்கத்தில், குழாயடியில் விரலை நீட்டிக்கொண்டு அழுதேன். அக்கா என் விரலைத் தண்ணீரில் பிடித்தபடியே நின்றாள்.

மருந்து போட்டுக் கட்டிய பிறகு, "கம்பிய எங்க வைக்கணும், காட்டு" என்றாள்.

"வேண்டாம்க்கா. விட்ருவோம்."

"காட்டுட்டி."

விதைப் பருத்திக் காடுகளில் மொட்டைப் பிரித்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் தடவுகிற வேலையைப் பல வருஷம் செய்தவள் அவள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, எப்படிச் செய்ய வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியவில்லை. நான் லென்ஸில் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் நகத்தால் கம்பியை அழுத்திப் பிடித்தாள். கட்டுப் போட்ட கையோடு நான் அயர்னை வைத்தேன். ஈயம் உருகிப் பளபளவென்று ஓடி நின்றது. அந்த முனையை ஒட்டியதும் இந்த முனை கழன்றது. திரும்ப வைத்தோம். இணைப்பு சரியா என்று பார்க்க மல்ட்டிமீட்டரை வைத்தபோது அது விடாமல் கத்தியது. கோடு சேர்ந்துவிட்டது.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் கீபோர்டைக் கண்டுகொண்டது. எனக்கு மனப்பாடமாக இருந்த சின்ன புரோகிராம்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் காலத்து மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் திரையில் ஏற்றினால் எழுத்து வரும். அக்காவின் பெயரை எழுதிக் காட்டலாம் என்று நினைத்தேன்.

"எம்பேரு எதுக்கு? ஆஸ்பத்திரியில அதத்தான கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ. அது வேண்டாம். மழைன்னு எழுது."

'ம' சுலபமாக வந்துவிட்டது. 'ழை'யோடு பல நாள் மல்லுக்கட்டினேன். கொம்பு சரியாக வந்தால் 'ழ'வின் வால் கோணும். அக்கா அடுத்த முறை வந்தபோது திரையில் புள்ளி புள்ளியாக அந்தச் சொல் மேலிருந்து கீழே இறங்கி வந்தது. அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்க" என்றாள். திரும்ப ஓட்டினேன். "இன்னொருக்க." அன்றைக்கு அவளுக்கு இருமல் இருந்தது. பனி என்று சொன்னாள்.

அது பனி இல்லை. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் பஸ்ஸில் நான் தனியாகப் போனேன், அவளை அவள் வீட்டுக்காரர் கார் பிடித்துக் கூட்டிப்போனார். கடைசியாக சுந்தரபாண்டியத்தில் அவள் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் கையை வாங்கி, தழும்பு விழுந்த விரலைத் தடவிப் பார்த்தாள்.

"இப்பம் தெரியுதா?"

"லேசா தெரியுதுக்கா."

பொய் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருக்கும். "அப்பொ சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் இறந்த செய்தியை அவள் மகள் போனில் சொன்னாள். போய் வந்தேன். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன், பல மாதம் அதை எடுக்கவில்லை. என் கணவர் அதைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை, ஓட்டவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூசி மட்டும் துடைத்து வைப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிற செக்கப்புக்கு மதுரைக்குப் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "நல்லா இருக்கு, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வருகிற இடத்தில் அக்காவின் முகம் வந்தது. அவளுக்கு ஏன் இல்லை, எனக்கு ஏன் என்று யாரிடம் கேட்பது?

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். கையில் முதல் ஊசிக்கான சீட்டு. துணைக்கு வந்தவர் மருந்துக் கடை வரிசையில் நின்றிருக்க வேண்டும், அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடந்து போகும்போது நிமிர்ந்து, "அக்கா, முடி எல்லாமே போயிருமா?" என்று கேட்டாள்.

"போகும்மா. திரும்பி வரும்" என்றேன். அவள் இன்னும் கேட்க நினைத்தது நிறைய இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.