திருப்பித் தந்த சொல்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் அலுவலகப் பணி பார்த்த பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவர். ஒல்லியான உருவம், இடக்கையை எப்போதும் துண்டால் மூடியே வைத்திருப்பார். அதில் இரண்டு விரல்களைக் கட்டிங் மெஷின் எடுத்துவிட்டிருந்தது. கையைக் காக்கும் கம்பிக் கையுறைகளை, வேலை மெதுவாகும் என்று முதலாளி அலமாரியில் பூட்டியிருந்தார்.

"உங்க தலையெழுத்துங்க மாஸ்டர், யாரு என்ன பண்ண முடியும்?" என்பார் முதலாளி, விரல்களைப் பற்றிப் பேச்சு வந்தால். அந்தச் சொல்லுக்குப் பின் எவரும் கேள்வி கேட்பதில்லை.

ஆர்டர் தந்த வெளிநாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்த அன்று மட்டும் கையுறைகள் வெளியே வந்தன. மாஸ்டருடைய கையுறையின் காலி விரல்களில் பனியன் வேஸ்ட் துணியைத் திணிக்கச் சொன்னார் முதலாளி. ஆய்வாளர் நெருங்கியதும் மாஸ்டர் கையுறையைக் கழற்றி, வேஸ்ட்டை நிதானமாக உருவி மேசைமேல் வைத்துவிட்டு, அதை மறுபடி மாட்டிக்கொண்டு, "வணக்கமுங்க" என்று கைகூப்பினார். கையுறையின் இரண்டு கம்பி விரல்கள் துவண்டு தொங்கின.

ஆர்டர் ரத்தானது.

"ஏனுங்க மாஸ்டர், இப்படிக் குடியக் கெடுத்துட்டீங்களே!"

"நான் என்னங்க பண்ணுனேன்? உங்க தலையெழுத்துங்க மொதலாளி."

அன்றுதான் மாஸ்டர் சிரித்துப் பார்த்தேன்.

கம்பெனி மூடப்பட்டு, என்னோடு பலருக்கும் வேலை போயிற்று. அவர்களிடம் அதைத் தலையெழுத்து என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மாஸ்டர்மீது கோபப்படவும் இன்றுவரை முடியவில்லை.