இடது வரிசை மாத்திரைகள்

எனக்கும் என் மனைவிக்கும் இரத்த அழுத்தத்துக்கு ஒரே மாத்திரை, ஒரே அளவு. பத்து மாத்திரை அட்டையில் இடது வரிசை ஐந்தும் அவளுக்கு, வலது வரிசை ஐந்தும் எனக்கு. காலை இட்லிக்குப் பிறகு தன்னுடையதைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு அட்டையை என் பக்கம் தள்ளுவாள். யார் மறந்தாலும் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். டோல்கேட் பக்கமுள்ள இந்த வீட்டில் பதினோரு வருடம் அப்படித்தான் போனது.

ஓசூரில் மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் என் மனைவி உதவிக்குப் போனாள். ஆறு அட்டை, அறுபது மாத்திரை, பையில் வைத்து அனுப்பினேன். இங்கே நான் வலது வரிசையை மட்டும் எடுத்தேன். இடது பக்கம் கைவைக்க மனம் வரவில்லை. ஐந்து நாளுக்கு ஒரு புது அட்டை வாங்கினேன். பாதி காலியானவை பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தன. அட்டையைத் தள்ள ஆளில்லாத காலையில் ஹைரோடு கண்டெய்னர் லாரிகளின் சத்தம்தான் துணை.

மூன்று மாதம் கழித்து டப்பாவை எண்ணினேன். பதினெட்டு அட்டை, இடது வரிசையில் தொண்ணூறு மாத்திரை. அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அறுபது போன மாதமே தீர்ந்திருக்க வேண்டுமே, ஏன் இன்னும் கேட்கவில்லை? உடனே போன் போட்டேன்.

“உன்கிட்ட மாத்திரை எவ்ளோ கீது?”

“நாலு அட்டை பிரிக்கவே இல்ல.”

“தெனமும் போடலியா?”

“தல சுத்துனா போடுவேன். நல்லாத்தான கீறேன், இன்னாத்துக்கு?”

“தல சுத்தலன்னாலும் பிரஷர் கீதும்மே. டாக்டர் எத்தினி தபா சொன்னாரு!”

குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் தணிந்தது. “புள்ளைய குளிப்பாட்டி, துணி அலசி, நான் துன்ன உக்காரவே பதினோரு மணி ஆவுது. அட்டைய எடுன்னு சொல்ல இங்க யாரு கீறாங்க?”

டப்பாவில் இருக்கும் தொண்ணூறைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். மூன்று மாதமாகக் காதில் விழாத சிரிப்பு.

“லூசாய்யா நீ? இத்த வூட்ல வச்சிகினு கடைக்கு வேற போனியா?”

“நாளையிலேர்ந்து தெனமும் எட்டு மணிக்கு வீடியோ போன் பண்றேன். நான் பாக்க முழுங்கணும்.”

“போன்ல எப்டி அட்டைய தள்ளுவே? டப்பாவ எடுத்துகினு நீயே வா.”

“வந்தா எத்தினி நாளு?”

“நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. எண்ணிக்க.”

இங்கே தொண்ணூறு, அங்கே நாற்பது. ஆளுக்குப் பாதி.

“அறுபத்தஞ்சு நாளு,” என்றேன்.

“அவ்ளோதானா?” என்றாள்.