துக்க அட்டையில் கல்யாண எழுத்து

பிரிஞ்சாங் மலையூரில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து முனியம்மா அக்கா, கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பு அட்டை கேட்டார். கல்யாண அட்டைகளுக்கு நான் வழக்கமாகப் போடும், கொடி போல வளைந்தோடும் ஆங்கில எழுத்தையே போட்டுக் கொடுத்தேன். அழகாக இருக்கட்டும் என்றுதான்.

காரியத்தன்று நானும் போயிருந்தேன். ஈப்போவுக்குக் குடிபோன அக்காவின் பழைய தோழி, பட்டுச்சேலையும் பரிசுப் பெட்டியுமாக வந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே உடைந்துவிட்டார்.

"வாட்ஸ்அப்ல வந்த அட்டையில எழுத்தப் படிக்க முடியல லா. பாத்ததும் ஒம் மவ கல்யாணம்னு நெனச்சிட்டேன்."

"பரவால்ல, உள்ள வா," என்றார் அக்கா. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் துக்க அட்டையை அச்சடிக்கும் முன் வீட்டாரிடம் காட்டுகிறேன். "அழகா இருக்கு" என்று அவர்கள் சொன்னால், எழுத்தை மாற்றிவிடுகிறேன்.