கடைமடைக்கு வந்துச்சா?

நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாபநாசத்திலிருந்து ஜமீலா மேடத்தின் தம்பி. “அக்கா மௌத்தாயிட்டாங்க சார். சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம். வந்துடுங்க” என்றார். மடையை அடைக்க மறந்து கிளம்பிவிட்டேன். மேடம் இருந்திருந்தால் அதற்கும் ஒரு தணிக்கைக் குறிப்பு எழுதியிருப்பார்.

அரசுத் தணிக்கை அதிகாரியாக இருந்த அவருக்குப் பதில் சொல்லத் திணறிய நண்பர்களுக்கு, அவரைப் பற்றி நான் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. தணிக்கைக்கு ஆள் வந்தால் நாம் பக்கோடா வாங்கி வைப்போம். மேடம் பக்கோடாவையும் சாப்பிடுவார், கேள்வியையும் விடமாட்டார்.

தனியார் கைக்குப் போனால் எல்லாம் தானாக ஓடும் என்று ஊரே நம்பிய காலம் அது. மாவட்டத்துத் தாலுகா அலுவலகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கணினிச் சேவையை நடத்தித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி தானாக முன்வந்தது. மேலிடமும் தலையாட்டியது. அந்தத் திட்டம் நல்லதா என்று அதிகாரிகள் ஆராய்ந்து எழுத வேண்டிய அறிக்கையையும் கம்பெனியே டைப் அடித்துக் கொடுத்திருந்தது. மேடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, “பரீட்சை எழுதுன பிள்ளையே மார்க்கும் போட்டுக்கிச்சா? நல்லா இருக்கே” என்றார்.

நான் அப்போது ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில், சான்றிதழ் கவுண்டரில் கிளார்க். எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, இணைப்பு வரவில்லை. ஆனால் இங்கே யாரும் சேவையைப் பயன்படுத்துவதில்லை, கவுண்டரை மூடிவிடலாம் என்று கம்பெனி மேலே சொல்லிவிட்டது. மூடினால் வளைகுடாவுக்குப் போகும் பையன்களும், நடவை விட்டுவிட்டு வரும் விவசாயிகளும் ஒரு சான்றிதழுக்காகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற வேண்டும்.

தஞ்சாவூரில் கூட்டம் போட்டார்கள். எங்கள் தாசில்தாருடன் நானும் போயிருந்தேன். மேடம் கேட்டது ஒரே கேள்வி: “சேவை கடைமடைக்கு வந்துச்சா?”

கம்பெனி அதிகாரி பட்டணத்துப் பிள்ளை. வாய்க்காலின் கடைசி வயலைத்தான் கடைமடை என்போம் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துவிட்டார்.

“கடைமடைக்குப் போன மாசமே கனெக்‌ஷன் குடுத்துட்டோம் மேடம். நல்லா ஓடுது.”

அறையில் பாதிப்பேர் விவசாயக் குடும்பம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. மேடம் சிரிக்கவில்லை. “ரொம்ப சந்தோஷம். வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று எழுந்தார்.

ஜீப் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. உறை போட்ட கம்ப்யூட்டர், அதன் மேல் என் தயிர்சாத டப்பா. சான்றிதழுக்கு நின்றிருந்தவர்களிடம் மேடமே விசாரித்தார். “வந்த நாள்லேருந்து தூங்குதுங்க அது” என்றார் ஒரு விவசாயி. கம்பெனி அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. மேடம் அவருக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்து, “தண்ணிய யாரு விட்டா என்ன தம்பி, நீங்களே விடுங்க. கடைசி வயலுக்கு வரணும், அவ்வளவுதான்” என்றார். கவுண்டரை மூடவில்லை. இணைப்பும் வந்தது. மேடத்தின் அறிக்கையில் தயிர்சாத டப்பாவுக்கும் ஒரு வரி இருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாபநாசம் மையவாடியில் அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பழைய அலுவலக ஆட்கள் நாங்கள் கடைசியில் ஒதுங்கி நின்றோம். எல்லோரும் மண் அள்ளிப் போடும்போது அவருடைய தம்பி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னால் நின்றவர்களிடம் சொன்னார். “கொஞ்சம் வழி விடுங்க. கடைமடைக்கு வந்துச்சான்னு அக்கா கேப்பாங்க.” அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

புதுத் திட்டம் என்று யார் வந்து சொன்னாலும் இப்போது நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு வந்த சொத்து அதுதான்.

வழி விட்டார்கள். குனிந்து மண்ணை அள்ளிப் போட்டேன்.

“வந்துடுச்சு மேடம்” என்றேன்.