வெர்லின் ஹாகன் மதிப்பெண்ணை மாற்றிய வாரம்

வெர்லின் ஹாகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மினசோட்டாவின் வடபகுதியில், எங்கள் மாவட்ட நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பலகைகள் செய்யும் கூடத்தில் வேலை. 'நில்' பலகையின் சிவப்பு இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எனக்கு அதே கூடத்தில் எழுத்து வெட்டும் இயந்திரம். மூன்று வருடமாக எதிரெதிர் மேசை. முதல் வருடம் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தமாக ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அது இருவருக்குமே வசதியாக இருந்தது.

சனிக்கிழமைகளில் அவர் வேறு ஆள். வீட்டில் வைத்துப் பார்க்கும் படத் தட்டுகளுக்கு ஒரு இணையதளத்தில் மதிப்பெண் போடுபவர். கதை எப்படி என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. பழைய படம் புதிதாக எச்.டி.யில் வரும்போது, படம் ஒழுங்காக வந்திருக்கிறதா, வாங்கலாமா, பழைய டிவிடியே போதுமா என்பதுதான் கேள்வி. சம்பளம் கிடையாது. தட்டு இலவசம். பதினோரு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு எழுதியிருந்தார். ஒரு முறை போட்ட மதிப்பெண்ணை ஒருபோதும் மாற்றியதில்லை. "ஹாகன் போட்டா போட்டதுதான்" என்று வாசகர்கள் எழுதுவார்கள். அந்த வரியை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அது வந்த நாளில் கூடத்தில் சீட்டியடிப்பார்.

எழுதியதைத் திருத்த என்னைச் சேர்த்துக்கொண்டார். மதிய உணவு நேரத்தில் நான் கவிதைப் புத்தகம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கமாவுக்கெல்லாம் கவலைப்படுற ஆள் நீங்க. சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார்.

வீட்டின் கீழறைதான் அவருடைய இடம். சன்னல்களில் கறுப்புக் கம்பளி. சுவர்களுக்குப் பலகையின் பின்புறச் சாம்பல் நிறம். எங்கெல்லாம் சின்ன விளக்கு எரியுமோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டுநாடா. மான்கறி வைத்திருக்கும் உறைபெட்டியின் பச்சைப் பொட்டைக்கூட விடவில்லை. திரையின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் தரையில் ஒரு கோடு. நாற்காலியின் முன்கால் அதில் நிற்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை, சோதனைத் தட்டு ஒன்றைப் போட்டு, நீலக் கண்ணாடித் தாளைக் கண்ணில் பிடித்து, டி.வி.யின் நிறங்களை எண்ணெண்ணாகச் சரிசெய்து நோட்டில் குறித்துவைப்பார். கடைசியாகச் செய்தது அக்டோபரில்.

நீர்நாய்ப் படம் டிசம்பர் நடுவில் வந்தது. முப்பது வருடத்துக்கு முன் கையால் வரைந்து எடுத்த குடும்பப் படம். ஆறு உறைவதற்குள் இடம் பெயரும் ஏழு நீர்நாய்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு வருகிறது, அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையே மதிப்பெண் போட வேண்டும். சனிக்கிழமை காலை பனி வாரிவிட்டு இருவரும் கீழே இறங்கினோம். மூலையிலிருந்த சின்னப் பழைய டி.வி.யில் டிவிடியின் ஒரு காட்சி, பெரிய திரையில் புதியதில் அதே காட்சி. நிறுத்தி, எழுந்துபோய், திரையில் மூக்கு படும் அளவுக்கு நின்று பார்ப்பார். திரும்பி வந்து கோட்டில் உட்கார்வார்.

"ரோமத்தைப் பாருங்க," என்றார். "பென்சில் கோடு எங்க போச்சு?"

பார்த்தேன். கோடுகள் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. நீர்நாய்கள் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போயின.

"வழுக்குது," என்றேன்.

"தேய்ச்சுட்டாங்க. படச்சுருள்ல இயல்பாவே பொடிமணல் மாதிரி புள்ளி இருக்கும், அதை அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சு, கூடவே படத்தையும் தேய்ச்சுட்டாங்க."

மேலேயிருந்து அவர் மனைவி மார்லிஸ் உறைபெட்டிக்காக இறங்கினாள். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்பவள். குரல் அதற்கேற்ற அளவு.

"விளக்கு போடலாமா, இல்ல இன்னிக்கும் தடவித்தான் கறி எடுக்கணுமா?"

"ரெண்டு நிமிஷம், மார்லிஸ்."

"குட்டி நீர்நாய் அழகா இருக்கே."

"மெழுகு பொம்மை."

"உனக்கு எல்லாமே மெழுகுதான்," என்று இருட்டிலேயே கறியைத் தடவி எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிப்புரை வந்தது. படத்துக்கு ஐந்துக்கு இரண்டு. 'இந்த ஏழு நீர்நாய்களும் மெழுகில் செய்தவை. பழைய டிவிடியை வைத்துக்கொள்ளுங்கள்.' அந்த வரியில் நான் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. மாலைக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதை எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். முன்பதிவை ரத்து செய்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள்.

திங்கள் காலைக் காப்பி இடைவேளையில் வெர்லின் கைபேசியை என் பக்கம் நகர்த்தினார். மதிப்புரைக்குக் கீழே ஜெனீவா டில்லட்சன் என்ற பெண் எழுதியிருந்தாள். அந்தப் படத்தைச் சுத்தம்செய்த நால்வரில் ஒருத்தி.

'பதினான்கு மாதம் செய்தோம். பொடிமணலைத் தொடவே இல்லை. நாற்பத்தோராவது நிமிடம், தாய் நீர்நாய் விளக்கை ஊதும்போது இடது மூலையில் தூரிகை மயிர் ஒன்று வண்ணத்தில் ஒட்டியிருக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் சண்டை போட்டு, வரைந்தவர் விட்டது இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம். அது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தயவுசெய்து உங்கள் டி.வி.யைப் பாருங்கள். இது விற்றால்தான் அடுத்த பழைய படத்தைச் சுத்தம்செய்ய விடுவார்கள்.'

"என் டி.வி.யைப் பாக்கணுமாம்," என்றார் வெர்லின். காது சிவந்திருந்தது. "பதினோரு வருஷத்துல இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல."

"மயிர் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க ஒரே ஒரு பலகை செய்தார்.

மூன்றரை மணிக்கு வேலை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனோம். குளிர்கோட்டைக் கழற்றாமலே கீழறைக்கு இறங்கினார். நாற்பத்தோராவது நிமிடம். விளக்கை ஊதினாள் தாய். இடது மூலையில் பழுப்பு நிறம் மட்டும் சமமாக, பூசி மெழுகியதுபோல.

"இல்ல," என்றார். குரலில் ஒரு நிம்மதி. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல, டி.வி.யின் நிற அமைப்புப் பட்டியலைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நோட்டை எடுத்து எண்களைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இது என் எண்ணே இல்லையே."

டி.வி.யை முன்னால் இழுத்து, பின்னால் தலையை விட்டார். அந்த டி.வி.யில் கேபிள் செருக இரண்டு துளைகள். ஒவ்வொரு துளைக்கும் தனித் தனி நினைவு. வெர்லின் வருடக்கணக்காகச் சரிசெய்து வைத்திருந்த எண்களெல்லாம் முதல் துளைக்கு. படத் தட்டு ஓட்டும் பெட்டியின் கேபிள் இரண்டாவதில் இருந்தது. அங்கே எல்லாம் கடைக்காரன் அனுப்பிய மாதிரியே இருந்தது: பளிச் நிறம், பொடிமணலை அழிக்கும் வசதி, அசைவை வழுக்கவைக்கும் வசதி.

மார்லிஸ் உருளைக்கிழங்கும் கையுமாகப் படிக்கட்டில் நின்றாள்.

"போன மாசக் கடைசியில, நன்றித் திருநாள் அன்னிக்கு டாரல் வந்தான்ல," என்றாள். டாரல் அவள் தம்பி. "அவன் சேனல் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி ஃபுட்பால் பாத்தானே."

வெர்லின் தொலைபேசியை எடுத்தார். டாரலின் குரல் எங்களுக்கே கேட்டது.

"என் பெட்டியை எடுத்துட்டு, பழைய கேபிளைத் திரும்பச் செருகிட்டுத்தான்யா வந்தேன்!"

"எந்தத் துளையில?"

"எந்தத் துளையா? பக்கத்துல எது இருந்துச்சோ அதுல. படம் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன? எவனாச்சும் செத்துட்டானா?"

வெர்லின் தொலைபேசியை வைத்துவிட்டார். முதல் துளைக்குக் கேபிளை மாற்றினார். நாற்பத்தோராவது நிமிடம். விளக்கைச் சுற்றியிருந்த பழுப்பில் மணல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. இடது மூலையில் கண்ணிமை அளவுக்கு ஒரு மயிர். தாயின் கழுத்தில் ஒவ்வொரு பென்சில் கோடும் தனித்தனியாக நின்றது.

"நாளைக்குக் கடைக்கு வருது," என்றார் வெர்லின்.

"மாத்திடு," என்றாள் மார்லிஸ்.

"நான் மாத்தினதே இல்ல."

"தப்பாப் போட்டதும் இல்லயே. இப்பப் போட்டிருக்க."

மறுபடி முழுப் படத்தையும் போட்டார். ஒன்றரை மணி நேரம் கோட்டில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். மார்லிஸ் மேலே கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டுவைத்த ஹாட்டிஷ்ஷின் வாசனை கீழே இறங்கியும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து எழுதி, எங்களுக்கு வாசித்தார்.

"'தவிர்க்க முடியாத ஒரு தொழில்நுட்பச் சூழ்நிலையின் காரணமாக...'"

"யாரு அந்தத் தொழில்நுட்பச் சூழ்நிலை?" என்றாள் மார்லிஸ் தட்டு வைத்துக்கொண்டே. "அவரும் இன்னிக்குச் சாப்பாட்டுக்கு இருக்காரா?"

வெர்லின் என்னைப் பார்த்தார். நான் மேசைவிரிப்பைப் பார்த்தேன்.

"அந்த வரியில ஆளே இல்ல," என்று மெதுவாகச் சொன்னேன்.

அழித்தார். டாரல் பெயரைப் போட்டு ஒன்று எழுதினார். அதையும் தானாகவே அழித்தார். கடைசியில் இருந்தது இவ்வளவுதான்: 'நன்றித் திருநாளிலிருந்தே கேபிள் தவறான துளையில் இருந்தது. நான் பார்க்கவில்லை. நான் தேய்ந்தது என்று சொன்னதைத் தேய்த்தது என் டி.வி. பழைய மதிப்பெண்ணை அழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். படம்: ஐந்துக்கு நான்கரை. ஒலி: மூன்று. கடைசி இருபது நிமிடம் இரைச்சல் இருக்கிறது.'

"ஒலியை ஏன் இப்ப இழுக்குற?" என்றாள் மார்லிஸ். "அந்தப் பொண்ணு பாவம்."

"இரைச்சல் இருக்கே."

"ஏற்கெனவே அடிச்சுட்ட. ஒரு அரை மதிப்பெண் கூடப் போட்டா கையா தேஞ்சிடும்?"

"இரக்கத்துல போட்டா அதுவும் தப்பு மதிப்பெண்தான்," என்று பொத்தானை அழுத்தினார்.

கேலி உடனே தொடங்கியது. 'ஹாகனுக்குக் கண்ணாடி வாங்கக் காசு சேர்ப்போம்.' 'மெழுகு ஹாகன்.' ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார்; மார்லிஸ் சிலவற்றுக்குச் சிரித்தாள், மறைக்கவும் இல்லை. ஜெனீவா டில்லட்சன் இரண்டே வரி எழுதினாள்: 'நன்றி. ஒலி நாங்கள் செய்யவில்லை, மூன்று சரிதான்.' அதை அவர் சத்தமாக வாசிக்கவில்லை. எனக்கு மட்டும் திருப்பிக் காட்டினார்.

ஹாட்டிஷ் தட்டுக்கு வந்தபோது இன்னொருவர் எழுதியிருந்தார். கேலி எதுவும் இல்லாத கேள்வி. 'நன்றித் திருநாளுக்கும் இதற்கும் நடுவில் நீங்கள் வேறு மூன்று படங்களுக்கு மதிப்பெண் போட்டீர்களே. அவற்றைப் பார்த்தது எந்தத் துளையில்?'

வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மூன்றுமே புதிய படங்கள். பளிச்சென்று இருந்தன என்று பாராட்டியிருந்தார். ஒன்றுக்கு முழுதாக ஐந்து.

"சாப்பிட்டுட்டுப் போ," என்றாள் மார்லிஸ்.

"ஆறிப்போனாலும் நல்லாத்தான் இருக்கும்."

படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டது. அலமாரியிலிருந்து தட்டுகளை உருவும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கீழேயிருந்து, வழக்கமான குரலில்:

"வர்றீங்களா, இல்ல சாப்பாட்டை முடிச்சுட்டுத்தானா?"

நான் என் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். மார்லிஸ் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஹாட்டிஷ்ஷை வைத்து, அதையும் என்னிடம் நீட்டினாள்.

"இருட்டுல கொட்டிடாதீங்க," என்றாள்.